அடிவயிற்று இரும்பு

பெண்டாட்டியை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போக வண்டி வாங்கப் போன மனிதர், கடைக்குள் நுழைந்ததும் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டார். என் தங்கச்சி மாப்பிள்ளையைத்தான் சொல்கிறேன். சிரம்பானில் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கடை. டை கட்டிய விற்பனையாளர் "சார், சார்" என்று பதறுகிறார். இவர் வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் தலையை விட்டு, விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டிப் பார்க்கிறார். எனக்கு மானமே போயிற்று.

"ஏந்தம்பி, எல்லாரும் சீட்டு எப்படி, ஏர்கான் எப்படின்னு பாப்பாங்க. நீங்க என்ன அடியில போய்ப் படுத்துக்கிட்டீங்க?" என்றேன்.

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "மேல இருக்கறதெல்லாம் சும்மா சோக்குக்கா. நம்ம ரோட்டுக்கு அடிவயிறுதான்லா முக்கியம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர்கள் இருப்பது கோலா பிலாவிலிருந்து உள்ளே போகிற செம்பனைத் தோட்டத்தில். மாப்பிள்ளைக்கு அங்கே எண்ணெய் மில்லில் வேலை. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து வீடு வரை மண் பாதைதான். மேடு, பள்ளம், மழை அறுத்துப் போட்ட ஓடை, பாதி வழியில் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கல். முன்பு வைத்திருந்த சின்னக் காரை அப்படி ஒரு கல்தான் காலி செய்தது. அடியில் இடித்து, இஞ்சின் எண்ணெய் மொத்தமும் மண்ணில் கொட்டி, வண்டி அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்தவள் என் தங்கச்சி. இரண்டு கிட்னியும் போனவள். வாரத்துக்கு மூன்று தடவை டவுனில் இருக்கிற சென்டரில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். அன்றைக்குப் போக முடியவில்லை. மறுநாள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஆஸ்பத்திரியில் எப்படியோ பிழைக்க வைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கோலத்தைப் பக்கத்தில் நின்று பார்த்த மனிதர் வண்டியின் அடியைத்தான் முதலில் பார்ப்பார். இது எனக்குக் கடையை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

அது ஒரு பிக்கப். நாலு கதவு, பின்னால் திறந்த தொட்டி. ரொம்பப் பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை, நடுத்தரம். மற்றவர்கள் சாதா பிக்கப்பை வாங்கிப் பட்டறையில் விட்டு, உயர்த்தி, தகடு அடித்துக்கொள்வார்கள். இது காடு மேடு ஓடுவதற்கென்றே கம்பெனியில் செய்து வந்தது. உயரமான ஸ்பிரிங், பல் பெரிதான டயர். இஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு, கியர்பாக்ஸுக்கு அடியில் ஒன்று, டீசல் தொட்டிக்கு ஒன்று. எந்தக் கல்லும் தொட முடியாது.

மாப்பிள்ளை அந்த வண்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வீட்டுக்கு யார் போனாலும் காப்பி வருவதற்கு முன்னால் குனிய வைத்து அடித்தகட்டைக் காட்டிவிடுவார். மூட்டுவலிக்காரி என்னையும் விடவில்லை. "தாலி கட்டறப்பகூட உங்க மூஞ்சியில இந்தக் களை இல்லையே" என்று கிண்டலடித்தேன். தங்கச்சி சிரித்தாள். அவளுக்கு அந்த வண்டியில் ஒரே ஒரு குறைதான், உயரம். பிளாஸ்டிக் முக்காலி போட்டு, ஒரு கையால் கதவைப் பிடித்து, மறு கையை மாப்பிள்ளை தாங்க, மெல்ல மெல்ல ஏறுவாள். ஆனால் வண்டி வந்த பிறகு ஒரு டயாலிசிஸ்கூடத் தவறவில்லை. அடைமழையிலும் போய் வந்தாள்.

தோட்டத்தில் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் விரித்துவிடுவார்கள். காலையில் அதை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவார்கள். கறுப்புச் சொட்டு இருந்தால் இஞ்சின் எண்ணெய், சிவப்பாக இருந்தால் கியர் எண்ணெய், வெறும் ஈரம் என்றால் ஏர்கான் தண்ணீர். அட்டை சுத்தமாக இருந்தால் வண்டிக்கு நோய் நொடி இல்லை என்று அர்த்தம். லாரி, டிராக்டர், கார் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். சர்வீஸ் செய்கிறவன் சொல்வதைக்கூட நம்பமாட்டார்கள், அட்டையை நம்புவார்கள்.

மாப்பிள்ளையும் தினம் அட்டை விரித்தார். தினம் அது சுத்தமாகவே இருந்தது. "ஒரு சொட்டு இல்ல பாருங்கக்கா! புது வண்டின்னா புது வண்டிதான்" என்பார். எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருக்கும்.

நான் இருப்பது ரெம்பாவில், பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல். பள்ளி விடுமுறை விட்டதும், தங்கச்சிக்கு நாலு நாள் கூடமாட இருக்கலாம் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்த மறுநாளே அவளுக்கு டயாலிசிஸ். காலையில் மாப்பிள்ளை வழக்கம்போல அட்டையை இழுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். பால் மாதிரி சுத்தம். முக்காலி போட்டுத் தங்கச்சியை முன் சீட்டில் ஏற்றி, முக்காலியைப் பின் தொட்டியில் போட்டார். நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

மில்லைத் தாண்டினால் பெரிய மேடு. வழுக்காமல் இருக்க அந்த மேடு முழுக்க மில்லில் கழிகிற செம்பனை நாரைக் கொட்டியிருந்தார்கள். ஒரு வாரமாக மழை இல்லாததால் நார் காய்ந்து, டயர் பட்டதும் பறந்தது. இரண்டு பக்கமும் இடுப்பளவு லாலாங் புல். வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. பாதி மேட்டில் எனக்கு ஒரு கருகல் வாடை அடித்தது. எண்ணெய் தீய்ந்தால் வருமே, அது.

"என்ன தம்பி வாடை?"

"எவனாவது மட்டையப் போட்டு எரிச்சிருப்பான்க்கா."

மேட்டு உச்சியில் எதிரே பழக்குலை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் இந்தோனேசியத் தொழிலாளி. எங்களைப் பார்த்ததும் டிராக்டரை நிறுத்திவிட்டுக் குதித்து, இரண்டு கையையும் ஆட்டினார். எங்கள் வண்டியின் வயிற்றைக் காட்டி, "அப்பி! அப்பி! துருன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார்.

நெருப்பு, இறங்கு என்கிறார். எனக்கு மலாய் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. எந்த நெருப்பு? அட்டை சுத்தமாக இருந்ததே! ஜன்னல் ஓரமாகப் புகை எழும்பி, என் காலடியில் விரிப்பு சுட்ட பிறகுதான் புரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு விழுந்தேன். உண்மையிலேயே விழுந்தேன், அவ்வளவு உயரம். எழுந்து பார்த்தால் வண்டிக்கு அடியில், அந்தத் தகட்டுக்கு மேலே, மஞ்சளாக நெருப்பு ஓடுகிறது.

முன் கதவைத் திறந்தேன். தங்கச்சி பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை உள்ளிருந்து பெல்ட்டை விடுவித்தார். நான் கிடைத்த கையைப் பிடித்து இழுத்தேன்.

"அந்தக் கை வேணாம்க்கா! ஐயோ, அந்தக் கை வேணாம்!"

இடது கை. ஊசி போடுவதற்காக நரம்பைச் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிற கை. அது போனால் டயாலிசிஸுக்கு வழியில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து புகை குபுகுபுவென்று வருகிறது, முக்காலி பின் தொட்டியில் கிடக்கிறது, இவளோ கையைக் காப்பாற்றச் சொல்கிறாள். டிராக்டர்காரர் ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு குனிந்தார். மாப்பிள்ளை அந்தப் பக்கமிருந்து தள்ள, அவர் முதுகில் அவளைச் சாய்த்துவிட்டேன். அவர் அப்படியே சுமந்துகொண்டு ஓடினார். மாப்பிள்ளையும் இந்தப் பக்கமே குதித்து வந்தார்.

நாங்கள் டிராக்டர்வரைகூடப் போய்ச் சேரவில்லை. புஸ்ஸென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் அவள் உட்கார்ந்திருந்த சீட்டில் நெருப்பு. இப்போதுதானே உட்கார்ந்திருந்தாள்! அடக் கடவுளே, இந்த நிமிஷம் வரைக்கும் அதில்தானே உட்கார்ந்திருந்தாள்! மாப்பிள்ளை மண்ணை அள்ளி அள்ளி வீசினார். ஒரு பிடி மண்ணுக்கு அது அடங்குமா?

நல்ல வேளையாகத் தங்கச்சிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவள் போயாக வேண்டுமே. கால் இரண்டும் வீங்கியிருந்தது, ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "நீங்க போங்கக்கா! அவளக் கூட்டிக்கிட்டுப் போங்க, நெருப்ப அணைக்க நான் பொம்பாவுக்குப் போன் போடறேன்" என்று மாப்பிள்ளை கத்தினார். டிராக்டர்காரர் பழக்குலைத் தொட்டியைக் கழற்றிவிட்டு, தன் சீட்டில் அவளை உட்கார வைத்து, மட்கார்டில் என்னை ஏற்றி, நின்றுகொண்டே ஓட்டினார். பாதை முழுக்க அவள் இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்தாள். தார் ரோட்டில் ஒரு வாடகைக் கார் கிடைத்தது.

சென்டரில் அவளைப் படுக்க வைத்து, ஊசி ஏற்றி, மிஷினை ஓட விட்டார்கள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குழாயில் ஓடுகிற ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை போன் செய்தார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. "அக்கா, பொம்பாக்காரங்க கம்பிய விட்டு நெம்பி தகட்ட எறக்கினாங்கக்கா. உள்ள மெத்த மாதிரி அடைஞ்சிருக்கு. நாரு, லாலாங், காஞ்ச சருகு. எல்லாம் எண்ணெயில ஊறிப்போய்க் கெடக்கு. எங்கயோ சீல் ஒழுகியிருக்குக்கா. ரொம்ப நாளா ஒழுகியிருக்குன்னு சொல்றாங்க." உடனே கேட்டார். "அட்டையில ஒரு சொட்டு இல்லையேக்கா? நீங்களே பாத்தீங்கல்ல? ஒரு சொட்டு இல்லையே!"

எப்படி இருக்கும்? ஒழுகியதெல்லாம் தரைக்கு வராமல் தகட்டிலேயே தங்கியிருக்கிறது. கல் ஏறக்கூடாது என்று போட்ட இரும்பு, எண்ணெய் இறங்கவும் விடவில்லை. நாங்கள் தினம் காலையில் வெறும் அட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு, அந்த மெத்தைக்கு மேலே இவளை உட்கார வைத்துக் கூட்டிப் போயிருக்கிறோம். மேலே பளபளவென்று கழுவுவாரே தவிர, கம்பெனி போட்ட தகட்டைக் கழற்றிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. சூடான இஞ்சின், காய்ந்த நார், எண்ணெய். சமையல்காரி எனக்கு இதை யாராவது விளக்க வேண்டுமா?

"வண்டி போனா போகுது தம்பி. அவ நல்லா இருக்கா, மிஷின் ஓடுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அவர் சொன்னதைத் தங்கச்சியிடம் சொன்னேன். தகடு, நார், எண்ணெய், எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அக்கா, அந்தத் தீய்ஞ்ச வாடை இன்னிக்கி ஒனக்கும் வந்துச்சா?"

"மேட்டுல ஏறறப்ப வந்துச்சே. ஏன், ஒனக்கு வரலியா?"

"எனக்கு ரொம்ப நாளா வருதுக்கா."

"அடிப்பாவி! அப்ப ஏண்டி வாயத் தெறக்கல?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "கிட்னி போனவங்க மூச்சுல, ஒடம்புல ஒரு வாடை வரும்னு இங்க சொல்லியிருக்காங்கல்ல. வண்டியில ஏறி கதவச் சாத்தினாத்தான் தெரியும். மூடின எடத்துல என் நாத்தம் எனக்கே அடிக்குதுன்னு நெனச்சேன். அவரு ஒரு வார்த்த சொன்னதில்ல. எம் மனசு நோகக் கூடாதுன்னு பொறுத்துக்கிறாரு போலன்னு இருந்துட்டேன்."

அந்த மனிதருக்கு மூக்கு ஏது! மில்லில் பழம் அவிக்கிற ஆவியில் வருஷக்கணக்காக நின்று, வீட்டில் குழம்பு அடிப்பிடித்தால்கூட அவருக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், அவள் நிறுத்தவில்லை.

"கொஞ்ச நாளா நான் ஹால்லதான் பாய் போட்டுப் படுக்கறேன்கா. ரூம்ல புழுக்கமா இருக்குன்னு அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

காலுக்கடியில் வண்டி கருகிக்கொண்டிருந்திருக்கிறது. இவள் தன் உடம்புதான் அழுகுகிறது என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு, முக்காலி போட்டு, ஒவ்வொரு தடவையும் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் ஊசி இல்லாத கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வண்டி மொத்தமும் எரிந்து போன அன்றைக்கு, அவள் முகத்தில் பயமும் இல்லை, கவலையும் இல்லை. ஆசையாகக் கேட்டாள்.

"அப்ப அது நான் இல்லையாக்கா?"

"நீ இல்லடி" என்றேன். எனக்கே கேட்காத மாதிரி வந்தது. அதனால் இன்னொரு தடவை, அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னேன். "நீ இல்லவே இல்லடி!"