பட்டாசாலையில் பூசிய மெருகெண்ணெய்

காலைத் தூக்கினால் ‘பட்’ என்று ஒரு சத்தம் வரும், வைத்தால் சத்தமில்லை, அடுத்த காலைத் தூக்கினால் மறுபடி ‘பட்’. அந்த வருஷத்து அடைமழை நாளெல்லாம் போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டுக்குள் யார் எங்கே நடக்கிறார்கள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். காரணம், எங்கள் ஐயா ‘பட்டாசாலை’ முழுக்க, அதாவது வீட்டின் நடுக்கூடம் முழுக்க, மெருகெண்ணெய் பூசி வைத்திருந்தார்.

ஐயாவுக்கு மலையில் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. மேலே போன ஒரு சமயம், காப்பித் தோட்டத்துத் துரை பங்களாவின் தரை முகம் தெரிகிற மாதிரி மின்னுவதை வாசலில் நின்றபடியே பார்த்திருக்கிறார். அது மரப்பலகைத் தரை என்பதை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அவரை யாரும் தடுத்திருக்க முடியாது. தன் தங்கை, என் அத்தை செல்லத்தாயியைப் பெண் பார்க்கப் பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து வரப்போகிறார்கள், வந்தவர்கள் அசந்துபோக வேண்டும் என்று, தச்சர்கள் கதவுக்குப் பூசுகிற மாதிரி ஆளிவிதை எண்ணெயில் குங்கிலியத்தைப் போட்டுக் காய்ச்சி, எங்கள் கல் பாவிய தரையில் ஒன்றுக்கு மூன்று பூச்சாகப் பூசிவிட்டார். மரம் குடிக்கிற எண்ணெயைக் கல் குடிக்குமா? மேலேயே நின்றது, மழை ஈரத்தில் காயவும் இல்லை. மின்னியது என்னவோ வாஸ்தவம். ரெண்டு வெயில் அடித்தால் இறுகிவிடும் என்று ஐயா சொல்லிக்கொண்டே இருந்தார். மலையிலிருந்து மேகம் இறங்கிக்கொண்டே இருந்தது. விருந்தாளிகளும் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சம்பந்தம் சம்மதம் என்றால் அந்த வீட்டில் ‘கை நனைப்பார்கள்’, அதாவது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இல்லையென்றால் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார்கள், அதற்குமேல் பேச்சில்லை. தரையின் அழகு மறைந்துவிடும் என்று ஐயா ஜமுக்காளம்கூட விரிக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன், அவர்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம், நல்ல கனத்த உடம்பு, சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டார். அத்தையைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. தாய்மாமன் இலை போடச் சொல்லிவிட்டுக் கை கழுவ எழப் பார்த்தார். எழ முடியவில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கியபோது புது வேட்டியின் பின்பக்கம் தரையோடு தங்கிவிட்டது. கையிலிருந்த சுண்ணாம்பு டப்பி உருண்டு கொட்டியது. துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் முதலில் இறங்க, மற்றவர்கள் பின்னால் இறங்கினார்கள். ஒருவரும் கை நனைக்கவில்லை.

மறுநாள் ஐயா சிலமலைக்குப் போய்த் தாய்மாமனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்த பதில் இதுதான்: “கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்துக்கு வர்றோம். அதே எடத்துல, அதே மாதிரி வெறுந்தரையில உக்காருவேன். ஒட்டாம எந்திரிச்சாக் கை நனைக்கிறோம். இல்லையா, வேற எடம் பாத்துக்கிறோம்.”

அத்தைக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதை என்னைப் பெற்ற ஆத்தாவிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்னாள். ஊருக்குள்ளோ அவளுக்கு ‘ஒட்டுத்தரை வீட்டுப் பொண்ணு’ என்று பெயர் விழுந்துவிட்டது, கிணற்றடியில் அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அவள் சாப்பிடவில்லை.

ஐயா அரிவாள் கொண்டு சுரண்டினார். கல்லில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். மணலைப் போட்டுத் தேய்த்தார், மணலும் ஒட்டிக்கொண்டது. சீமெண்ணெய் ஊற்றினார், பூச்சு இளகி ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் குடிபோனது. ஆத்தா புளியைக் கரைத்து ஊற்றினாள், தரை முன்னைவிடப் பளபளத்தது. கடைசியில் ஐயா, கல்லையெல்லாம் பெயர்த்துப் போட்டுவிடலாம் என்று கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அத்தை, அந்த மனிதர் உட்கார்ந்த இடத்தில் கொட்டிக் கிடந்த சுண்ணாம்பை ஈரத்துணியால் துடைத்தாள். அவமானத்தில் ஐயா அந்த இடத்தை மட்டும் தொடாமலே விட்டிருந்தார்; முற்றத்திலிருந்து அடித்த மழைச் சாரலில் நனைந்து நனைந்து அது அங்கேயே கிடந்திருக்கிறது. துணியோடு பூச்சும் வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் உள்ளங்கையகலத்துக்குக் கல்லின் சொந்த நிறம். அத்தை அதைத் தடவிப் பார்த்தாள், பிறகு தன் அண்ணன் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி மூலையில் சாத்தினாள்.

அன்று முதல் வீடு அவள் கைக்குப் போனது. சுண்ணாம்பு மட்டும் என்றால் நாளாகும் என்று, துணி வெளுக்கிற உவர்மண்ணையும் அதோடு சேர்த்துக் கொதிக்கவைத்துக் களியாக்கினாள். அது கையில் பட்டால் தோலை உரித்துவிடும். கல்யாணப் பெண் கையைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று ஆத்தா தலையில் அடித்துக்கொள்ள, அத்தை கம்பில் கந்தலைச் சுற்றி ஒவ்வொரு கல்லாகப் பூசி, மேலே நனைத்த சாக்கைப் போட்டு மூடினாள். காய்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்பதால் சாக்குக்குத் தண்ணீர் தெளிப்பது என் பாடு. “வெரசா கொண்டா, காயுது” என்று அவள் விரட்டிய விரட்டில் நான் கிணற்றுக்கும் கூடத்துக்குமாக ஓடினேன். விடிந்து சாக்கை எடுத்துச் சிரட்டையால் வழித்தால், கறுத்த ஆடையாகச் சுருண்டு வரும். அதைப் பார்ப்பதில் எங்களுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆத்தாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரட்டையோடு உட்கார்ந்துவிட்டாள்.

முடித்துக் கழுவிவிட்ட மறுநாள் தரை முழுக்க வெள்ளை பூத்திருந்தது. ஐயா நெற்றியில் கை வைத்தார். அத்தை அசரவில்லை. அது சுண்ணாம்புதானே, சுண்ணாம்புக்குப் புளி போதும் என்று சொல்லி, அன்றைக்கு உதவாத அதே புளித்தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள்; வெள்ளை போனது. மிச்சமிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தவிட்டைத் தூவிக் கூட்டியெடுத்தாள். கல் கல்லானது.

சொன்ன நாளில் அவர்கள் வந்தார்கள். தெருவே எங்கள் வாசலில் நின்றது. தாய்மாமன் அதே இடத்தைப் பார்த்து, அதே மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெற்றிலை போட்டார். மழை, ஏலம், மாடு என்று ஊர்ப்பட்ட பேச்செல்லாம் பேசினார், எழுகிற வழியைக் காணோம். ஐயாவுக்கு வேர்த்து ஊற்றியது.

கல்யாணம் பேசுகிற இடத்தில் பெண் வாய் திறப்பது அந்தக் காலத்தில் கேள்விப்படாத விஷயம். கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் நிதானமாக வந்தது.

“அண்ணே, பெரியவுகள எந்திரிக்கச் சொல்லுங்க. எல வாடுது.”

தாய்மாமன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார், வேட்டி அவரோடு எழுந்தது. முதுகைத் தெருவுக்குத் திருப்பி, வேட்டியின் பின்பக்கத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டு, “பொண்ணு சொல்லிருச்சுல்ல, எலயப் போடுங்கப்பா” என்றார். நான் கத்திய கத்தலில் ஆத்தா என் வாயைப் பொத்தினாள், அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அத்தனை பேரும் கை நனைத்தார்கள்.

இன்று அந்தக் கற்கள் இல்லை. வீடு கைமாறியதும் புதிதாக வந்தவர்கள் பெயர்த்துவிட்டுச் சிமிண்டுத் தரை போட்டுவிட்டார்கள். கை நனைப்பதும் நாற்காலி மேசைக்கு ஏறிவிட்டது, ஒட்டுமா ஒட்டாதா என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. அத்தையும் போய்விட்டாள். ஆனால் சிலமலையில் அந்தத் தாய்மாமன், தான் இருந்தவரை, ஒரு மாடு வாங்குவதென்றாலும், ஒரு வரப்பு வெட்டுவதென்றாலும், தெருவில் நின்று அவள் வீட்டுப் பக்கம் குரல் கொடுப்பாராம்: “செல்லத்தாயி, நீ என்னத்தா சொல்ற?”