முடிப்பிலிருந்த பிரெஞ்சுக் காசு

எங்கள் குடும்பத்தில் நாணய நிபுணன் நான்தான். கைபேசியில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, எந்தக் காசு எவ்வளவு போகும் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் அளந்துகொண்டு திரிந்தேன்.

போன வருஷம் அக்கா மகளுக்குக் காமாலை முற்றி, பெண் பிழைப்பாளா என்றே ஆகிவிட்டது. திருத்தணிப் பக்கம் கே.ஜி.கண்டிகை வீட்டில் அக்கா, இருந்த ஒரே வெள்ளிக்காசை மஞ்சள் துணியில் முடிந்து, முருகன் படத்தின் முன்னால் வைத்து வேண்டிக்கொண்டாள். பாவாவின், அதாவது அக்கா புருஷனின், அப்பா பாண்டிச்சேரியில் வேலை பார்த்தபோது, ஒரு பட்டாளத்துப் பென்ஷன்காரர் அவருக்குக் கொடுத்த பிரெஞ்சுக் காசு அது. பெண் எழுந்து நடமாட ஆரம்பித்தாள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறி உண்டியலில் போடுவதுதான் பாக்கி.

சாமிக்கு முடிந்த முடிப்பை நடுவில் யாரும் அவிழ்க்க மாட்டார்கள். நான் அவிழ்த்தேன். காசின் ஒரு பக்கத்தில் விதை தூவிக்கொண்டே நடக்கும் பெண், பின்னால் சூரியன். மறுபக்கம் ஐந்து பிராங்க் என்று இருந்தது. இதே காசில் அபூர்வமானது லட்சத்துக்குப் போகும் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்கள். எது அபூர்வம் என்று கேட்கப் பொறுமை இல்லாமல் பாதியிலேயே தள்ளிவிட்டவன் நான்.

"இதப் போயி உண்டியல்ல போடுவியாக்கா? வித்து சாமிக்குப் பாதி, பொண்ணு காலேஜுக்குப் பாதி."

முருகனையே பங்காளியாக்கிவிட்டேன். அக்கா முகம் சுண்டிப்போனது. ஆட்டோ ஓட்டும் பாவாதான், "அவன் இதெல்லாம் பாத்துகினே இருக்கறவன், தெரியாமயா சொல்லுவான்?" என்றார். அந்த நம்பிக்கை எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

சென்னையில் பழைய நாணயம் வாங்குகிறவர் வருஷத்தை மட்டும் பார்த்தார். "அறுபதுகள்ல அடிச்சது வெள்ளி சார். எழுபதுலருந்து இதே படத்தப் போட்டு நிக்கல்ல அடிச்சாங்க. உங்களுது நிக்கல். ஓடின காலத்துல பிரான்ஸ்ல ஒரு வேள நாஷ்டாவுக்கு ஆயிருக்கும். இப்ப பிராங்கே செல்லாது. ரெண்டு டீக்குக் குடுக்கலாம்."

ரயிலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். நஷ்டம் ஒன்றுமில்லை, காசு கையில்தான் இருக்கிறது, கிருத்திகைக்குப் போட்டுவிடலாம். அக்காவிடமும் அதையே சொன்னேன்.

அக்கா காசை வாங்கிக்கொள்ளவில்லை.

"வெள்ளின்னு நெனச்சிதான்டா முடிஞ்சேன். அப்பிடியே போட்டிருந்தா எனக்கும் அது வெள்ளி, சாமிக்கும் வெள்ளி. கடையில வெல போவலன்னு திரும்பி வந்தத இப்ப எப்பிடிடா போடறது?"

"நான் வெள்ளிக்காசு ஒண்ணு வாங்கித் தரேங்க்கா."

"வேண்டிகினது நானு. நீ வாங்கிக் குடுக்க நான் போடறதா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாமி முன்னால் அவளுக்கிருந்த ஒரு சுத்தமான காணிக்கையை நான் கடைச்சரக்காக்கி, கடைக்காரர் கழித்துவிட்டதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். கூசிப்போனேன்.

கிருத்திகையன்று காவடிக் கூட்டத்தில் இடிபட்டு மலைமேல் போய்ச் சேர்ந்தோம். உண்டியல் பக்கத்தில் அக்கா, மகளை நிறுத்தி, குனிந்து, அவள் காலிலிருந்த வெள்ளிக் கொலுசைக் கழற்றத் திருகாணியைத் திருகினாள். மகள் ஒற்றைக்காலில் நின்றாள். காமாலையில் இளைத்த உடம்பு இன்னும் தேறவில்லை. விழாமலிருக்க அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.