பஸ்ஸில் கைமாறிய மாத்திரை டப்பா

போன வருடம் தீபாவளி சீசன் முடிந்து, கம்பெனியில் வேலை குறைந்திருந்த சமயத்தில் நடந்தது இது. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பயம் மட்டும் எனக்கு நிறைய உண்டு. தலை வலித்தால் மூளையில் கட்டி, பிள்ளை வர நேரமானால் பஸ் கவிழ்ந்துவிட்டது என்று எடுத்த எடுப்பிலேயே கடைசிக்குப் போய்விடுவேன்.

அப்படிப்பட்டவளுக்கு, வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்தது. எங்கள் பக்கம் ஈரல் கெட்டால் குடி என்றுதான் அர்த்தம். என் நாத்தனார் வீட்டுக்கு வந்து, "ஏன் மதினி, அண்ணனுக்குத் தெரியாம நீங்க எப்பக் கடைக்குப் போனீக?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சனிக்கிழமை தவறாமல் குடிக்கிற என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். குடிக்காதவர்களுக்கும் உடம்பு எடையால், சர்க்கரையால் கொழுப்பு சேரும், கவனிக்காமல் விட்டால் ஈரல் சுருங்கிப்போகும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். எனக்குச் சுருங்கிப்போகும் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கு ஒரு புது மாத்திரையை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். சேர விருப்பமா என்று கேட்டார்கள். ஆராய்ச்சியைக் கவனிக்கும் நர்ஸ் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னார். பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் தினமும் நடக்க வேண்டும், இனிப்பைக் குறைக்க வேண்டும். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வீடு வந்து சேருவதற்குள் முடிவு செய்துவிட்டேன், எனக்குக் கிடைத்தது வெறும் மாத்திரைதான் என்று.

எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு அக்காவும் இதே ஆராய்ச்சிக்கு வந்தார். பூச்சட்டி வாணத்துக்குக் கெமிக்கல் அடைக்கிற வேலை அவருக்கு. மதுரைக்குப் போகவும் வரவும் நாங்கள் ஒரே பஸ். ஒருநாள் திரும்பி வரும்போது மெதுவாகச் சொன்னார். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வயிற்றுப்போக்கு, வேலையில் உட்கார முடியவில்லை என்று.

"நர்ஸ்கிட்டச் சொன்னீகளா அக்கா?"

"சொன்னா பேரை எடுத்துருவாக. பெறகு காசில்லாம ஸ்கேன் எடுக்க நான் எங்கன போவேன்?"

எனக்கு அவர்மேல் பொறாமைதான் வந்தது. "ஒங்களுக்கு வேலை செய்யுது. எனக்கு ஒரு ஏப்பம்கூட வரல. எனக்குக் குடுத்தது வெறும் மாத்திரைதான்" என்றேன்.

அக்கா மடியிலிருந்த பையைத் திறந்தார். "அப்படின்னா ஒன் டப்பாவ எனக்குத் தா. என் டப்பாவ நீ வச்சுக்க. எனக்கு வயிறு நிக்கும், ஒனக்கு ஈரல் நேராகும்."

திருமங்கலத்தில் டப்பாக்கள் கைமாறின. எனக்கு அம்புட்டு சந்தோசம். கள்ளிக்குடி தாண்டியதும் அது பயமாக மாறிவிட்டது. அக்கா வாட்டசாட்டமானவர். அவரையே இந்தப் பாடு படுத்துகிற மாத்திரை என்னை என்ன செய்யும்? அக்காவுக்கு நோய் முற்றிப்போனால், மருந்தைப் பிடுங்கிக்கொண்ட பாவம் யாருக்கு? பஸ் விருதுநகருக்குள் நுழையும்போது நர்ஸுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "மாத்திரையப் போட்டுட்டீகளா?" என்றார்.

"இல்லைங்க."

"அப்ப ஒண்ணும் ஆகல. டப்பாவத் தெறக்காம ரெண்டு பேரும் இப்பவே திரும்பி வந்துருங்க. நான் இருக்கேன்."

அக்காவுக்குக் கோபம். "ஒன்னையக் கூட்டுச் சேத்து ஒரு களவு செய்ய முடியுமாத்தா?" என்றபடியே என்னோடு இறங்கி மதுரை பஸ் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே, "ஒரு ரூம் கெமிக்கல அடுத்த ரூமுக்குக் கொண்டு போனா, வெடிச்சிரும்னு போர்மேன் நம்மள மறுபடி கம்பெனிக்குள்ள விடுவாரா? நாம அதத்தான செஞ்சிருக்கோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் முதலில் அக்காவைத்தான் பார்த்தார். கம்பெனி வேன் வருவதற்கு முன்னால், விடியக்காலையில் வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு மாத்திரை போட்டிருக்கிறார் அக்கா. டாக்டர் சில நாள் நிறுத்தச் சொன்னார், பிறகு சாப்பிட்ட பின்னால் போட்டுப் பார்க்கலாம் என்றார். "மொத நாளே சொல்லியிருக்கணும்மா. சொன்னா உங்களை அனுப்பிட மாட்டோம். நீங்களா வேண்டாம்னு விலகினாலும் இங்க வைத்தியம் எப்பவும் போல நடக்கும்" என்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வயித்தால போனா மருந்து, போகலைன்னா வெறும் மாத்திரைன்னு முடிவு கட்டிட்டீங்களா? வெறும் மாத்திரை போடுறவங்களுக்கும் போகும்மா."

"அப்ப எனக்கு எதுங்க சார்?"

"எனக்கும் தெரியாதும்மா."

பொய் சொல்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். நர்ஸ் அதைக் கவனித்துவிட்டார். "இப்படிப் பாத்துக் கண்டுபிடிச்சிருவீகன்னுதான் அவருக்கே சொல்லாம வச்சிருக்கு" என்றார். நாங்கள் மாற்றிப் போட்டிருந்தால் யாருக்கு எது கேட்டது என்று எவராலும் சொல்ல முடியாமல் போயிருக்கும், நாளைக்கு இதே நோயோடு வருகிறவர்களுக்குக் கேட்காத மருந்தைக் கொடுக்க வேண்டி வரும் என்றும் சொன்னார். டப்பாவில் இருந்த எண்ணைப் பார்த்து அவரவர் டப்பாவை அவரவர் கையில் கொடுத்தார்.

அக்காவுக்கு வயிறு நின்றுவிட்டது. இன்னும் மாத்திரை போடுகிறார். கம்பெனி வேனை விட்டுவிட்டு நான் நடந்தே வேலைக்குப் போகிறேன். கடைசி ஸ்கேனில் இரண்டு பேருக்குமே கொழுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. யாருக்கு எந்த மாத்திரை என்பதை எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வார்களாம். உங்களுக்கு எந்த மாத்திரை என்று நாத்தனார் இன்னமும் கேட்கிறாள், தெரியாது என்கிறேன். அந்த டாக்டருக்கு முன்னால் வேறு எந்த டாக்டரும் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அத்தனை படித்தவரே தெரியாது என்று சொல்லிவிட்டு நிதானமாக அடுத்த வேலையைப் பார்க்கும்போது, நானும் அப்படி இருந்து பார்க்கலாமே என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போதும் பயம் வருகிறது, ஆனால் அதை எடுத்துக்கொண்டு எடுத்த எடுப்பிலேயே கடைசிக்கு ஓடுவதில்லை.