ஹோபர்ட் விட்ட எண்ணெய்

மிச்சிகனில், பான்டியாக் ஊருக்கு வடக்கே ஒரு கராஜில், ஹோபர்ட் ஸ்டிட்ஹாமும் நானும் பதினோரு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். அவர் கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத்தை விட்டு ஓடிவந்தவர். தங்கமான கை, ஆனால் பிடிவாதம் பிடித்த மண்டை. எட்டு சிலிண்டர் இல்லாத எதையும் என்ஜின் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

அவருடைய ஒரே மகள் லோயிஸைக் கட்டிய ரே காடில், அறுபத்தேழில் ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினான். ஆறும் ஒரே வரிசை. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் என்ஜினின் உச்சியில் இருந்தது. அதைச் சுழற்றியது சங்கிலி இல்லை, பல் வைத்த ரப்பர் பெல்ட்.

"தையல் மிஷினுக்குப் பெயின்ட் அடிச்சு வாங்கிட்டு வந்திருக்காரு மாப்பிள" என்று கராஜ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார் ஹோபர்ட். ரே சிரித்துக்கொண்டான். அந்த வாரமே உட்வர்ட் சாலை சிக்னலில் இரண்டு எட்டு சிலிண்டர் கார்களைப் பின்னால் விட்டுவிட்டு, வந்து சொல்லியும் காட்டினான். ஹோபர்ட்டுக்கு அது தொண்டையில் சிக்கிய முள்.

அக்டோபரில் லோயிஸ் அந்தக் காரை ஓட்டிவந்தாள். முன்பக்கம் கீச்சென்று ஏதோ கத்துகிறது என்றாள். ஹோபர்ட் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பெல்ட் காய்ந்து கிடக்கிறது என்றார். முப்பது வருஷமாகச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுப் பழகிய கை அது. நனைய நனைய விட்டது. சத்தம் நின்றது. மகள் அப்பாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். அவரிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று வாரத்தில், கேட் இல்லாத ஒரு ரயில்வே கிராஸிங்கில் ரே ஓட்டிவந்த அந்தக் காரைச் சரக்கு ரயில் அடித்தது. லோயிஸ் அங்கேயே போய்விட்டாள். ரேக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தண்டவாளத்தின் மேல் என்ஜின் தானாக நின்றுவிட்டது என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. ரயிலோடு பந்தயம் விட்டான் என்றார்கள். கூட்டத்தில் பெரிய குரல் ஹோபர்ட்டுடையது. ரே மேல் வழக்குப் பாய்ந்தது. சிறை நிச்சயம் என்று பேச்சு.

அவன் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் ஹோபர்ட் நொறுங்கிய காரைக் கராஜுக்கு இழுத்துவரச் செய்தார். திங்கள்கிழமை விசாரணை. சனிக்கிழமை மூடியைக் கழற்றினோம். பெல்ட் ஊறிப் பருத்து, பற்கள் உரிந்து கிடந்தன. பல் போனால் ஓடுகிற என்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எங்கள் கராஜ் எண்ணெயின் வாடை அடித்தது.

"அன்னைக்கு நீயும் பாத்துக்கிட்டுத்தான நின்ன?" என்றார்.

"ஆமா."

பக்கத்தில் குளிருக்கு மூட்டிய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதில் போட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தவன் நான்தான், அவர் இல்லை. அவர் பெல்ட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

திங்கள்கிழமை நீதிபதி முன்னால் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவர் மனைவி வெர்னா எழுந்து வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. ரேயை விட்டுவிட்டார்கள்.

கோர்ட்டு வராந்தாவில் ஊன்றுகோலோடு வந்த ரேக்கு முன்னால் ஹோபர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அடி வாங்கத்தான் நின்றார். ரே அடிக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி, மாமா, அதே தண்டவாளத்து மேல வண்டி நின்னு போன மாதிரி நடிச்சு அவளப் பயமுறுத்துவேன். அன்னைக்கும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டா. 'வெளையாடாத ரே'ன்னு சிரிச்சா. ரயில் கிட்ட வந்ததும் சிரிப்பு நின்னுபோச்சு, என்னையே பாத்தா. நான் வெளையாடலன்னு கோர்ட்டுல சொல்லிட்டீங்க. அவகிட்ட யாரு சொல்றது?"