சிக்ரிட்டுக்கு ஒரு கொத்துரொட்டி

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. கொத்துரொட்டிக்குச் சொன்னதும் கவுண்டரில் நிற்கும் அன்ரி என் பெயரைக் கேட்கிறார்.

"சிக்ரிட்."

"தமிழ்ப் பிள்ளைதானே? உதென்ன பேர்?"

"நோர்வேயில பிறந்தனான் அன்ரி. அங்கத்தைய பழைய பேர். முன்பாதி வெற்றி, பின்பாதி அழகு."

"அப்ப ஜெயசுந்தரி எண்டு சொல்லுமன்!" சிரித்தபடி அதையே ஓடர் துண்டுச்சீட்டில் எழுதுகிறார்.

நோர்வேயில் பெயரைச் சொன்னால் இன்னொருமுறை என் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே என் முகம் யாருக்கும் புதிதில்லை. குடும்பம் குடும்பமாகச் சாப்பிடுகிறார்கள். நான் கதவோரம் தனியாக நின்று பனி கொட்டுவதைப் பார்க்கிறேன்.

"ஜெயசுந்தரி! பிள்ளை ஜெயசுந்தரி!"

கொத்துகிற சத்தத்தை மீறி அன்ரி கூப்பிடுகிறார். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். யாரந்தப் பெண் என்று நானும் பார்க்கிறேன்.