செத்த டொக்டர்மாரிடம் விடைபெற்றது

நெஞ்சுக்குள் ஏதோ கிள்ளுகிறது என்று சும்மா வாய்விட்டது என் பிழை. மணிக்கட்டால் ஒரு மெல்லிய குழாயை விட்டு இதயம்வரை எட்டிப் பார்க்கும் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஒருமுறை தடிமன், மூக்கடைப்பு என்று தள்ளிப்போட்டேன். அடுத்தமுறை மகளுக்குப் பரீட்சை என்றேன். பரீட்சை அவளுக்கு; பயத்தில் படுத்துக்கிடந்தது நான். இந்தமுறை மனைவி என்னை வீட்டுக்குக் கிட்ட டூங்கபி ஸ்டேசனில் ரயில் ஏற்றி, யன்னலோரம் இருத்திவிட்டு, நான் எழும்பி ஓடாதபடி தான் நடைவழிப் பக்கம் இருந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடேயே போய்விட்டோம். பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மருத்துவ வரலாற்றுக் காட்சியறை ஒன்று இருந்தது.

“குந்தியிருந்து கண்டதையும் யோசிக்காமல் வாங்கோ, பாப்பம்” என்றாள்.

எலும்பு அறுக்கும் வாள்களைத் தாண்டினால், கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று சில முகங்கள். மூடிய கண்கள், உள்ளே போன கன்னங்கள். அந்தக் காலத்துப் பெரிய டொக்டர்மாராம். உயிர் போன கையோடு முகத்தில் சாந்து அப்பி எடுத்த அச்சுகளாம். மீசை சாந்தோடு பிடுங்குப்படாமல் இருக்க முதலில் எண்ணெய் பூசுவார்கள் என்று, அங்கே தொண்டு செய்யும் வெள்ளைக்கார மூதாட்டி ரசித்து விளக்கினார். என் கை தானாகப் போய் என் மீசையைத் தடவியது.

இதயத்தைக் கரைத்துக் குடித்தவர்களே இப்படிக் கிடக்கிறார்கள் என்றால், புலம்பெயர்ந்து வந்து லிட்கமில் ஏசி திருத்துகிற நான் எந்த மூலைக்கு?

நேரமாகிவிட்டது. பதற்றத்தில் எனக்கு ஆங்கிலம் கழன்றுவிட்டது. வாசலில் திரும்பி, மூதாட்டி நிற்கிறார் என்ற நினைப்பில் கையைத் தூக்கி, “அப்ப போட்டு வாறன்” என்றேன். மூதாட்டி அங்கே இல்லை. முகங்கள்தான் இருந்தன.

“என்னப்பா, செத்த வீட்டில ஆராவது போட்டு வாறன் எண்டு சொல்லுவினமே? சொல்லாமல் எல்லோ வெளிக்கிட வேணும்!”

“இது செத்த வீடே? மியூசியமப்பா.”

“உங்கட முகத்தைப் பாத்தால் செத்த வீடு மாதிரித்தான் கிடக்கு.”

பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. செத்தவர்களிடம் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, அதே கையோடு இதயத்தைக் காட்டப் போவதா?

“இண்டைக்கு வேண்டாம். வீட்ட போய்த் தலையோட தோய்ஞ்சுபோட்டு வேற நாள் வருவம்” என்றேன்.

“இன்னொருக்காத் தள்ளிப்போட்டால் உங்கட முகத்துக்கு நானே எண்ணெய் பூசுவன். நடவுங்கோ.”

“அப்ப ஒரு நிமிசம்” என்று உள்ளே ஓடினேன். பெட்டிக்கு முன்னால் நின்று, “ஐயாமார், நான் சொன்னதைக் கணக்கெடுக்காதேங்கோ. நான் வரமாட்டன். நீங்களும் என்னட்டை வந்திடாதேங்கோ” என்று தெளிவாகச் சொன்னேன். திரும்பினால், மூதாட்டி தலையைக் குனிந்தபடி நிற்கிறார். எங்கள் பக்கத்துப் பிரார்த்தனை என்று நினைத்திருக்க வேண்டும்.

பரிசோதனை மேசையில் படுத்ததும், பயமாக இருக்கிறதா என்று இளம் டொக்டர் கேட்டார். துளிகூட இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த இயந்திரம் என் நெஞ்சுத் துடிப்பைச் சத்தம்போட்டு அறிவித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மரியாதையாக அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டார். கடைசியில் இதயத்தின் இரத்தக் குழாய்கள் எல்லாம் சுத்தம் என்றார். கிள்ளியது வாயுவாக இருக்கலாமாம்.

கட்டிலுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். மனைவி ஓடிவந்தாள்.

“என்னவாம்?”

“ஒண்டுமில்லையாம். வாயுவாம்.”

“நான் அப்பவே சொன்னனான்.”

சொல்லிவிட்டுக் கட்டிலோடு கதிரையை இழுத்துப் போட்டாள். கட்டுப் போடாத என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிரஷர் பார்க்க வந்த தாதி அந்தக் கையைக் கேட்டார். மறுபடியும் கேட்டார். கடைசியில் மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் கழற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.