ஆடியில் அரை மணி நேரம்

'எனக்குத் தெரியாது' என்று சொல்ல எனக்கு வராது. மோட்டார் ஏன் தண்ணீர் எடுக்கவில்லை, கரும்புக்கு எப்போது உரம் வைப்பது, பட்டாவில் பெயர் மாற்ற எந்த ஆபீஸுக்குப் போவது என்று யார் எதைக் கேட்டாலும் வாய் முந்திக்கொள்ளும். மணலூர்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னிடம் யோசனை கேட்பார்கள். கேட்டுவிட்டு, அது சரிதானா என்று வேறு யாரிடமாவது விசாரிப்பார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் சும்மா இருக்க முடிந்ததில்லை.

எனக்கு வைகாசியில் கல்யாணம் ஆனது. மனைவி பி.எட். முதல் வருடம் முடித்திருந்தாள். கடைசிப் பரீட்சை அடுத்த சித்திரையில். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். டீச்சர் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சு கிடையாது. பிள்ளை எல்லாம் பரீட்சைக்குப் பிறகுதான் என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தோம். அதற்கு என்ன செய்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஊர்க் கடையில் கேட்க வெட்கப்பட்டுக் கள்ளக்குறிச்சி வரை போய் ஆணுறை வாங்கி வந்தேன். அதோடு அந்தப் பாடத்தில் நான் தேறிவிட்டதாக எனக்கு நினைப்பு.

ஆடி பிறந்ததும் அவளை நைனார்பாளையத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆடியில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மாதம் முழுவதும் புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் வேலை இல்லை.

எனக்கு ஒரு மினி லாரி உண்டு. கல்வராயன் மலைக்கு மளிகைச் சாமானும் சிமெண்டும் ஏற்றிப் போவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் மறந்து வைத்துவிட்டுப் போன நோட்டைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று வண்டியை நைனார்பாளையம் பக்கம் திருப்பினேன். அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். வீட்டில் எல்லோரும் கோயிலில். அவள் மட்டும் ஏதோ எழுத வேண்டும் என்று தனியாக இருந்தாள். நோட்டைக் கொடுக்கத்தான் போனேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன், சட்டைப் பையில் வேறு எதுவும் இல்லை.

பாதியில் தெருவிலிருந்து மாமியார் குரல் கேட்டது. "பாப்பா, அந்தப் பெரிய குண்டானை எடுத்துக்கினு வா!" எல்லாம் அந்த இடத்திலேயே நின்றது. நான் பின்கதவு வழியாக மக்காச்சோளக் கொல்லைக்குள் ஓடி, சுற்றிக்கொண்டு வண்டிக்கு வந்து சேர்ந்தபோது சட்டைப் பட்டன் ஒன்றுக்குப் பதில் ஒன்று மாட்டியிருந்தது. வண்டியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

மறுநாள் காலையில் அவள் போன் செய்தாள். "ஏங்க, நேத்து ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

"இன்னா ஆவும்? நான்தான் விடவே இல்லையே. விதையே போடல, எப்படி மொளைக்கும்?" என்றேன்.

அடுத்த நாளும் கேட்டாள். "யார்னா டாக்டராண்ட கேட்டுக்கலாமா?"

"இதுக்கெல்லாமா டாக்டர்? எனக்குத் தெரியாதா?"

அவள் நம்பினாள். நானும் என்னை நம்பினேன்.

ஆவணி முதல் தேதி வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அவளுக்கு நாள் தள்ளியிருந்தது. இரண்டு நாள், மூன்று நாள் என்று போய் ஐந்தாம் நாள் காலண்டர் முன்னால் நின்று ஒன்பது மாதத்தை எண்ணினாள். சித்திரை நடுவில் வந்து நின்றது. பரீட்சையும் அங்கேதான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும், யாரிடமாவது கேட்டுவிடலாம் என்று முதல்முறையாக நானே சொன்னேன்.

எங்கே போய்க் கேட்பது? ஊர் நர்ஸுக்கு என் அம்மாவோடு தினமும் பேச்சு. கள்ளக்குறிச்சியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒரு சொந்தக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அதனால் மலையைச் சுற்றிக் காட்டிவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவளை லாரியில் ஏற்றிக்கொண்டேன். மலைமேல் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் இருப்பது எனக்குத் தெரியும். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது.

அங்கே இருந்த நர்ஸுக்கு என் மனைவி வயதுதான் இருக்கும். நாள் தள்ளியிருக்கிறது, கீழிருந்து வருகிறோம் என்றதும் சிரித்தார். "கீழ இருக்கறவங்க இதுக்காக மலை ஏறி வராங்க. இங்க இருக்கறவங்க கள்ளக்குறிச்சிக்கு எறங்கிப் போறாங்க. பஸ்ஸுதான் ரொம்பிப் போவுது."

நான் என் விளக்கத்தை ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "விந்து வர்றதுக்கு முன்னாடியே ஆம்பளைக்குக் கொஞ்சம் தண்ணி மாதிரி கசியும்மா. அது அவங்களுக்கே தெரியாது, நிறுத்தவும் முடியாது. சில பேருக்கு அதுலயும் உயிரணு இருக்கும். பாதியில நிறுத்தினாலும் புள்ள தங்கலாம். வாய்ப்பு கம்மிதான். கம்மின்னா இல்லவே இல்லன்னு நெனச்சிக்கக் கூடாது."

பிறகு என்னைப் பார்த்தார். "மூணு நாளுக்குள்ள வந்திருந்தா மாத்திரை குடுத்திருப்பேனே. எவ்ளோ சீக்கிரம் சாப்பிடறோமோ அவ்ளோ நல்லது. ஏன் வரல?"

என் மனைவியும் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தேன்.

சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு கோடுதான் விழுந்தது. இப்போதைக்கு இல்லை, கவலையினாலும் நாள் தள்ளும், ஒரு வாரத்தில் வராவிட்டால் மறுபடி பாருங்கள் என்று இன்னொரு பரிசோதனை அட்டையும், கூடவே ஆணுறைப் பாக்கெட்டுகளும் கொடுத்து அனுப்பினார்.

வளைவு வளைவாக மலை இறங்கினோம். பாதி வழியில் அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "புள்ள வந்தா வளத்துக்கலாம். நான் அதுக்கு அழுவல. ரெண்டு தபா கேட்டேன் உங்கள. மூணு நாளுக்குள்ளதான் கேட்டேன்."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல? ஊர்ல மோட்டாருக்குச் சொல்ற மாதிரி எனக்கும் சொல்லிட்டீங்க. மோட்டார் போனா வேற வாங்கிக்கலாம். இது என் உடம்பு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயந்துபோய்க் கேட்டவளை அந்த அலட்சியத்தோடு அனுப்பிவிட்டேனே என்று வலித்தது. மன்னிச்சுக்கோ என்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து வண்டி கழுவிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன். "சரி, அந்தச் சக்கரத்தையும் நல்லா கழுவுங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். "கடைக்குப் போய் நாப்கின் வாங்கியாங்க."

ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். கடைக்காரர் வழக்கம்போல் செய்தித்தாளில் சுற்றப் போனார். வேண்டாம் என்று வாங்கி, கையில் இரண்டு பாக்கெட்டையும் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்து வந்தேன். எதிரே வந்த பெரியவர் வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அவருக்கே ஒரு வணக்கம் வைத்தேன்.

சித்திரையில் அவள் பரீட்சை எழுதினாள். ஒவ்வொரு நாளும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். சின்னசேலம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலையும் கிடைத்தது. ஆணுறை பற்றி, மாத்திரை பற்றி, நாள் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பது பற்றி, எது சந்தேகம் என்றாலும் இருவரும் போய்க் கேட்டோம். இப்போது ஊர் நர்ஸிடமே கேட்கிறோம். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன?

மூன்றாவது வருடம், இனிமேல் பெற்றுக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள். பெண் குழந்தை, நல்ல எடை, சித்திரை வெயில் சுட்டெரித்த ஒரு மத்தியானத்தில் பிறந்தது. பார்க்க வந்த மாமியார் கட்டில் ஓரமாக நின்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். கடைசி விரலில் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆமாம்மா, ஆடிதான்," என்றாள் என் மனைவி. "லீவுக்கு ஒத்து வந்துச்சி."

மாமியார் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போய்விட்டார். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பால் குடுக்கற வரைக்கும் மறுபடி தங்காதுன்னு அம்மா சொல்லுது. நெசமாங்க?"

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நல்ல, நீளமான பதில்.

"தெரியல," என்றேன். "இரு, கேட்டுக்கினு வரேன்."

எழுந்து வராண்டாவில் நர்ஸைத் தேடிப் போனேன். பின்னால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.